டியூப்லைட்டுக்கு மட்டும் பொருந்திய பழுப்பு

போன வியாழக்கிழமை மத்தியானம் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மூன்று மரத்துண்டுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள் என் பேத்தி. மகள் வயிற்றுப் பேத்தி. கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஒவ்வொரு துண்டும் உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, ஓரத்துக்கு வர வரப் பழுப்பு, விளிம்பில் கருப்பு. ஓரம் தீய்ந்த ஆப்பம் மாதிரி இருந்தது.

“அப்புச்சி, இதுல எது நல்லாருக்குதுன்னு சொல்லுங்க. நாளைக்குள்ள அவங்களுக்குச் சொல்லோணும்.”

எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறாள். கடையில் வாங்குவது இல்லை. கோயம்புத்தூரில் ஒருவர் கையால் செய்து தருகிறாராம். மேல்பூச்சுக்கு மூன்று மாதிரி கொடுத்துவிட்டிருக்கிறார். இந்த வகைப் பூச்சுக்கு சன்பர்ஸ்ட் என்று பெயர். ஒன்று தேன் நிறம், ஒன்று செர்ரிப் பழம், ஒன்று புகையிலை. மூன்றுமே ஐம்பது அறுபது வருஷத்துக் கிட்டார் மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக லேக்கர் என்கிற பளபளப்புப் பூச்சை வேண்டுமென்றே மஞ்சள் தட்ட வைத்து, ஓரங்களைத் தேய்த்து, ஊசியால் கீறலும் போட்டிருந்தார் அந்த மனிதர்.

“புதுச எதுக்குக் கண்ணு பழசாக்கறாங்க?”

“அது விண்டேஜுங்க அப்புச்சி. கலரு மட்டும் சொல்லுங்க, கதை வேண்டாங்க.”

என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். அதனால்தான் கதையை உங்களிடம் சொல்கிறேன்.

கலர் சொல்ல என்னை விட்டால் இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பீற்றிக்கொள்வதாக நினைக்காதீர்கள்; மற்றவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகுதான் நானே சொல்ல ஆரம்பித்தேன். குன்னத்தூர்ப் பக்கம் ஒரு மேட்டாங்காட்டில் பிறந்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. என் கையெழுத்து இன்றைக்கும் கோழி கிளறிய குப்பைமேடு மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தக் கிறுக்கல் விழாமல் என் சாயப்பட்டறையிலிருந்து ஒரு ரோல் துணி வெளியே போனதில்லை. வெள்ளையிலேயே பதினொரு வெள்ளை எனக்குத் தெரியும். கருப்பைத் தொட்டுப் பார்த்தே இதில் சிவப்பு ஏறியிருக்கிறதா நீலம் ஏறியிருக்கிறதா என்று சொல்வேன். தொட்டால் எப்படிக் கலர் தெரியும் என்று கேட்காதீர்கள். தொடுவது சரக்கு வாங்க வருகிற பையருக்காக. பார்ப்பது எனக்காக.

புதுசைப் பழசாக்குவதும் எனக்குப் புதிதில்லை. வெளிநாட்டு பையர் ஒருவன் ஒரு சமயம் வந்து, பத்து வருஷம் உடுத்தி வெளுத்த மாதிரி டீ சட்டை வேண்டும் என்றான். நுரைக்கல் போட்டுத் துவைத்து, கழுத்துப் பட்டியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, அக்குளில் மங்கலாக்கி ஆயிரக்கணக்கில் அனுப்பினேன். அப்போது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் ஒரே சட்டையை அப்படித்தான் பதினைந்து வருஷம் போட்டார். காசு கொடுத்து அதை வாங்க உலகத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பார்.

சரி, மரத்துண்டுக்கு வருகிறேன். புகையிலைப் பழுப்பை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்தேன். பார்ப்பதற்குத்தான் பிடித்தேன், வாசம் முந்திக்கொண்டது. தின்னரும் லேக்கரும் கலந்த வாசம், கொஞ்சம் அழுகிய வாழைப்பழம் மாதிரி. நாற்பது வருஷமாக அந்த வாசம் என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக் கதவு ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட்தான் அடித்திருக்கிறது. லேக்கர் அடிக்கலாம் என்று ஆசாரி சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் அவர் வேலையை விட்டே போய்விட்டார். காரணம் கேட்ட என் வீட்டம்மாளிடம், தலைவலி என்று சொன்னேன்.

செல்வின் என்று ஒருவன். நொய்யல் ஆற்றங்கரையில் ஒரு சாயப்பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் லேப் அசிஸ்டென்ட். நான் அந்த லேபைக் கூட்டித் துடைப்பதிலிருந்து ஆரம்பித்து, ஆறு வருஷம் கழித்து ஸ்டூலில் உட்கார்ந்தவன். அவன் நாசரேத் பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது படித்துவிட்டு நேராக வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மெலிந்த ஆள், மீசையை ஒழுங்காகக் கத்தரித்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். என்னைவிட நாலு வயது சின்னவன், என்னை அண்ணாச்சி என்பான். அவனுக்கு என்னைவிட நல்ல கண். இந்த வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவதற்கே கை கூசுகிறது.

அந்தக் காலத்தில் கலர் மேட்ச் செய்ய இன்றைக்கு இருப்பது போல மெஷின் கிடையாது. பையர் கொடுத்த துண்டை ஒரு கையிலும், நாங்கள் சாயம் ஏற்றிய துண்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கண்ணால் பார்க்க வேண்டியதுதான். எங்கள் லேபில் ஜன்னலை அடைத்து அலமாரி வைத்துவிட்டதால் பகலிலும் டியூப்லைட்தான். டியூப்லைட்டில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு துணி, வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒன்று பச்சை அடிக்கும், ஒன்று சிவப்பு அடிக்கும். கலக்கிய சாயங்கள் வேறு வேறாக இருந்தால் அப்படித்தான். அதனால் செல்வின் எதையும் கேட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டான். எங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. சரி என்று பட்ட துண்டை அதில் ஒட்டி, ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் சின்னத் துண்டுக்கு ஒன்று, பிறகு அதே கலரை மொத்தமாகச் சாயம் போட்ட பல்க்குக்கு ஒன்று. யார் கலக்கினார்கள், யார் ஊற்றினார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. கையெழுத்துப் போட்டவன் கலர் அது. நல்லதும் அவனுக்கு, கெட்டதும் அவனுக்கு.

நான் சோம்பலில் டியூப்லைட்டிலேயே பார்த்துக் கையெழுத்துப் போட்டால் செல்வின் சிரிப்பான். “வாசலுக்கு நாலு எட்டுதான அண்ணாச்சி. சூரியனுக்கு லஞ்சமா குடுக்கணும்?” என்பான். மெஷினாட்கள் காதுபடச் சொல்வான். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

எங்கள் லேப் மாஸ்டர் சொந்தமாகப் பட்டறை போட்டுக்கொண்டு பொங்கலுக்குப் பிறகு விலகப் போவதாக ஆனது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, “தை பொறந்தா லேப் உங்க ரெண்டு பேருல ஒருத்தருக்கப்பா. யாருன்னு நான் பாத்துச் சொல்றேன்” என்றார். யார் என்பது பட்டறை முழுக்கத் தெரியும். பாய்லருக்கு விறகு தள்ளுகிற மாரப்பன் அன்றைக்கே செல்வினுக்கு “வாங்க மாஸ்டர்” என்று வணக்கம் போட்டான். எனக்கும் சேர்த்து ஒன்று போட்டான், அது சும்மா.

செல்வினுக்கு ஊரில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணுடைய அப்பா வாத்தியார். அசிஸ்டென்டுக்குப் பெண் தருவதாக இல்லை, மாஸ்டர் ஆனதும் பேசலாம் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்தக் கடிதத்தை அவனே எனக்குப் படித்துக் காட்டினான். “ரெண்டு மாசந்தான் அண்ணாச்சி, பொறவு உங்களுக்கு அங்க வந்து சாப்பாடு” என்றான். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். எனக்கும் அப்போது கைக்குழந்தை இருந்தது; இந்தப் பேத்தியின் அம்மா. ஆனால் குழந்தைக்காகச் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த மார்கழியில்தான் அவன் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரை வாங்கி வந்தான். கோயம்புத்தூரில் கலைந்துபோன ஒரு பாட்டுக் குழுவுடையது. கம்பியெல்லாம் நன்றாக இருந்தது. பெயின்ட் மட்டும் சொறி பிடித்த மாதிரி உரிந்திருந்தது. மாரப்பன் அதைத் தூக்கிப் பார்த்து, “வெறகுக்கு ஆகும் மாஸ்டர், ஒரு கால் மணி நேரம் எரியும்” என்றான்.

தை முதல் ஞாயிறு அவர்கள் சர்ச்சில் அசனம். தெற்கத்திக்காரர்கள் எல்லாரும் கூடி, அண்டாவில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, ஏழை பணக்காரன் பார்க்காமல் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் பட்டறையில் பாதிப் பேர் அந்தச் சர்ச் என்பதால் முதலாளியும் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு இந்தக் கிட்டாரைப் புதுப்பூச்சோடு வாசிக்க வேண்டும் என்பது செல்வினுடைய ஆசை. ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அதில் ஒரு கிட்டார் படம், இதே சன்பர்ஸ்ட். “பழைய கிட்டாரெல்லாம் இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. வருசம் ஆக ஆக இந்த மஞ்ச தேன் மாதிரி ஆவும்” என்றான்.

கடையில் பெயின்ட் வாங்கினால் முடிகிற காரியம். சாயப்பட்டறைக்காரன் புத்தி அப்படிப் போகாது. பஞ்சுக்குப் போடும் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து மரத்தில் தடவி, மேலே லேக்கர் அடிக்கலாம் என்று கிளம்பினான். பேக்கிங் பெட்டிப் பலகையை உடைத்துத் துண்டு போட்டுப் பதினொரு மாதிரி செய்தான். ஒரு பழுப்பில் சிவப்பு கூடுதல், ஒன்றில் மஞ்சள் கூடுதல். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதினொன்றையும் கேட்டுக்கு வெளியே சுவரோரம் வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, எதிர்த்திண்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே பார்ப்பான். போகிற வருகிற பெண்கள் எல்லாம் கேலி செய்வார்கள். நாலு நாள் பார்த்துப் புகையிலைப் பழுப்பைத் தேர்ந்தெடுத்தான். விளையாட்டாக அந்தத் துண்டின் சீவலை நோட்டில் ஒட்டி, சாய அளவு எழுதி, ஓகே போட்டுக் கையெழுத்தும் போட்டான்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது.

அவனுடைய பழுப்பில் மஞ்சள், சிவப்பு, நேவி நீலம். நான் நேவியைத் தூக்கிவிட்டு டர்க்காய்ஸ் என்கிற பளீர் நீலத்தைப் போட்டு அதே பழுப்பைப் பிடிக்கப் பார்த்தேன். டர்க்காய்ஸ் யாரோடும் ஒத்துப்போகாத சாயம். விளக்கில் அடங்கி நிற்கும், வெயிலில் கொம்பு முளைக்கும். சொல்லும்போது சுலபமாகத் தெரிகிறது, செய்து பாருங்கள். கொஞ்சம் கூடினால் விளக்கிலேயே பச்சை தெரியும், கொஞ்சம் குறைந்தால் வெயிலிலும் தெரியாது. மூன்று சாயங்காலம், ஷிப்ட் முடிந்து எல்லாரும் டீக்கடைக்குப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து கலக்கினேன். முப்பதுக்கு மேல் கலக்கியிருப்பேன். மூன்றாவது நாள் டியூப்லைட்டுக்குக் கீழே அவனுடைய துண்டையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் வெயிலில் பார்த்தேன். அவனுடையது புகையிலை. என்னுடையது பாசி.

எத்தனையோ நாட்டு பையருக்குக் கலர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். என் ஆயுசில் நான் செய்த உத்தமமான மேட்சிங் அதுதான்.

ஒரே ஒரு சங்கடம். அப்போது சாயத்தை அளக்கக் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் எடுப்போம். மூன்று நாள் உறிஞ்சியதில் என் உதடும் நாக்கும் நீலம் பாரித்துவிட்டது. சோப்புப் போட்டாலும் போகவில்லை. அதனால் வெற்றிலை போட ஆரம்பித்தேன். அதுவரை நான் வெற்றிலை தொட்டதில்லை.

“என்ன அண்ணாச்சி, புதுசா வெத்தல?” என்று கேட்டான் செல்வின்.

“பல்லு வலிப்பா” என்றேன்.

அசனத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அவன் கிட்டாரை உப்புத்தாள் போட்டு இழைத்துக்கொண்டிருந்தான். தலை, மீசை, கையெல்லாம் மரத்தூள். “அண்ணாச்சி, இந்தக் கையோட பாட்டிலத் தொட்டா எல்லாம் பாழாப்போவும். நோட்டுல அளவு இருக்கு, பழுப்ப மட்டும் நீங்க போட்டுத் தந்திருங்க” என்றான். நான் கேட்கக்கூட இல்லை, பாருங்கள். அவனாகக் கொடுத்தான்.

போட்டுக் கொடுத்தேன். மஞ்சளும் சிவப்பும் அவனே தடவி, ஓரத்துக்கு என் பழுப்பைத் துணிப்பந்தால் ஒற்றி ஒற்றிப் பரப்பினான். கழிவு பனியன் துணியை ஈரமாக்கி, மஞ்சளும் பழுப்பும் சேருகிற இடத்தில் கோடு தெரியாமல் கரைத்தான். அந்த விரலில் இருந்த வித்தையை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நோட்டில் ஒட்டிய சீவலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். டியூப்லைட். “அப்படியே இருக்குல்லா?” என்றான்.

“இம்மிகூடப் பிசகுல.”

“காலைல ஒருக்க வெயில்ல காட்டிட்டு லேக்கர் அடிக்கட்டா?”

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். காலையில் அவனே பார்த்திருப்பான், சிரித்திருப்பான், மறுபடி தடவியிருப்பான். நான் சொன்னேன்: “காலைல அடிச்சா எப்பக் காயறது? ஈர லேக்கரோட வெளிய கொண்டு போனா ரோட்டுத் தூசியெல்லாம் அதுல ஒட்டிக்கும். இப்பவே அடிச்சு பாய்லர் ரூம்ல வெய்யி. காலைல துணி சுத்தி நேராச் சர்ச்சுக்குக் கொண்டு போயிரு.”

அவன் கையைத் துணியில் துடைத்தான். பிறகு லேக்கர் டப்பாவைத் திறந்தான். அந்த வாழைப்பழ வாசம் லேப் முழுக்க நிறைந்தது. நோட்டை எடுத்து பல்க் என்ற கட்டத்திலும் கையெழுத்துப் போட்டான். அப்போதும் சிரித்துக்கொண்டே போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயில். சர்ச்சுக்கு வெளியே பந்தல். கறிக்குழம்பு கொதிக்கிற வாசம் தெருமுனை வரைக்கும். முதலாளி முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு, நான் பக்கத்து நாற்காலியில் வெற்றிலையோடு. பாட்டுக்காரர்கள் பலகை மேடையில் நின்றார்கள். மேடைக்குப் பந்தல் இல்லை. செல்வின் பனியன் துணியில் தைத்த உறையிலிருந்து கிட்டாரை உருவினான்.

ஓரம் முழுக்கக் குளத்துப் படிக்கட்டுப் பாசி. நடுவில் மஞ்சள் அழகாக இருந்ததால் பச்சை இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு எங்கள் மெஷினாட்கள். முதலாளி கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்துவிட்டு, “ஏனப்பா செல்வினு, கிட்டார நொய்யல்ல ஊறப்போட்டு எடுத்தயா?” என்றார். பந்தலே குலுங்கியது. அவர் என் பக்கம் சாய்ந்து, “இவங் கண்ண நம்பியா என்ற துணியக் குடுக்கறது?” என்றார். நான், “கெட்டிக்காரப் பையன்தானுங்க” என்றேன். அதைவிட மோசமாக வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது.

செல்வின் கிட்டாரைப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். நிழலில் வைத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, என் வாயைப் பார்த்தான். அவ்வளவுதான். அப்புறம் மூன்று பாட்டு வாசித்தான். ஒரு இடத்திலும் விரல் பிசகவில்லை. அதற்குள் முதலாளி இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். கோபப்படுவான், சட்டையைப் பிடிப்பான் என்று தயாராக இருந்தேன். “டியூப்லைட்டுக்கு அருமையா மேட்ச் பண்ணிருக்கிய அண்ணாச்சி” என்றான். “எத்தன நாளாச்சு?”

“மூணு” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

“எனக்கு அஞ்சு நாளாவது ஆயிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை முதலாளி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். சீவலை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், சரியாக இருந்தது. “துண்டுல சரி, கட்டைல தப்பு. பல்க்குல கோட்டை விடறவன வெச்சு நான் என்ன பண்றது? ஆரு கலக்குனது?” என்றார். செல்வின் என்னைப் பார்க்கவே இல்லை. “கையெழுத்து என்னோடதுதான் முதலாளி” என்றான். வெயில் பார்க்காமல் போட்ட கையெழுத்து. எங்களுக்கெல்லாம் அவன் சொன்ன பாடம் அவன் வாயையே அடைத்துவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் பழைய சாயக் கறைகள் இருந்தன. எந்தெந்த வருஷத்துக் கலர் என்று ஒவ்வொன்றாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாற்காலி எனக்கு வந்தது. பட்டறையில் அவனுக்குப் பாசி என்று பெயர் வைத்தார்கள். “பாசி, டீ வாங்கிட்டு வா” என்பார்கள். நான் கூப்பிட்டதில்லை, தடுத்ததும் இல்லை. வாத்தியார் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். பங்குனியில் செல்வின் ஊருக்குக் கிளம்பினான். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. “கிட்டார லேப்ல வச்சிருங்க அண்ணாச்சி, வேல கெடைச்ச பொறவு வந்து எடுத்துக்கிடுதேன்” என்றான்.

அவன் பஸ் ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அலமாரிக்கு மேலே அது இருந்ததால் எனக்கு வேலை ஓடவில்லை. மாரப்பனைக் கூப்பிட்டு, “இத எடுத்துட்டுப் போய் உள்ள தள்ளு” என்றேன். “நெசமாவாங்க?” என்று இரண்டு தடவை கேட்டான். நானும் பாய்லர் வாசல் வரை போனேன். லேக்கர் பட்டதும் குப்பென்று பிடித்தது. பிடிப்பதற்கு முன் ஒரு நொடி, நெருப்பு வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. அந்தச் செந்தழல் வெளிச்சத்தில் பச்சை துளிகூட இல்லை. அவன் சட்டைப்பையில் வைத்திருந்த படத்தில் இருந்த அதே புகையிலைப் பழுப்பு. பிறகு மாரப்பன் கதவைச் சாத்திவிட்டான்.

இருபது வருஷம் கழித்து ஒரு நாள் என் சொந்தப் பட்டறைக்கு வந்தான். பொங்கலூர் ரோட்டில் அப்போதுதான் இரண்டாவது யூனிட் போட்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து பெயரைச் சொன்னான். ஏஸி அறையில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு மூன்று மணி நேரம் அவனைக் கேட்டிலேயே காக்க வைத்தேன். உள்ளே வந்தபோது மீசை நரைத்திருந்தது, அதே ஒழுங்கோடு. லேபில் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டான். அதற்கு முன்னால் ஒன்று கேட்டான்.

“கிட்டார் இருக்கா அண்ணாச்சி?”

“கரையான் புடிச்சுருச்சுப்பா. தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு.”

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று இன்றைக்கும் தெரியாது. நான் மேசை டிராயரைத் திறந்து ஒரு பழுப்புத் துண்டையும் பையர் துண்டையும் எடுத்துப் போட்டேன். கப்பலுக்குப் போகத் தயாராக இருந்த சரக்கு. கலர் பார்க்கப் புதிதாக வாங்கிய லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டியில் நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டது. “பாத்துச் சொல்லு. கண்ணு இன்னும் இருக்குதான்னு பாக்கலாம்” என்றேன். பக்கத்தில் என் மேனேஜர் நின்றிருந்தான். அவன் முன்னால் அப்படிப் பேசுவது எனக்குப் பிடித்திருந்தது.

செல்வின் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, கையை நீட்டிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தான். வாட்ச்மேனிடம் துண்டுகளைக் கொடுத்து ஏதோ சொன்னான். பிறகு ரோட்டைத் தாண்டி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

வாட்ச்மேன் வந்து சொன்னான்: “பச்ச அடிக்குதுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க.”

“அவனுக்கு வயித்தெரிச்சல்” என்றேன். சரக்கை அனுப்பினேன். மூன்றாம் மாதம் மொத்தமும் திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்து வெயிலில் விரித்துப் பார்த்தபோது மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மாதமே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். அவன் பார்த்தவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு என் எதிரில் நிற்பது எனக்குச் சரிப்படவில்லை.

இதெல்லாம் அந்த மரத்துண்டு என் மூக்குக்கு முன்னால் இருந்த நேரத்தில் ஓடியது. “அப்புச்சி, தூங்கிட்டீங்களா?” என்றாள் பேத்தி.

நான் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இரண்டு வருஷம் முன்பு எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்தார்கள். அதிலிருந்து எல்லாமே கழுவிவிட்ட மாதிரித் தெரிகிறது. எது அதன் சொந்தக் கலர் என்று நிச்சயமில்லை. மூன்று துண்டையும் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். தேன் தேனாகவே இருந்தது. செர்ரி செர்ரியாகவே இருந்தது. புகையிலையின் ஓரத்தில், கருப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு நூல் அளவுக்குப் பச்சை.

பேத்தியைக் கூப்பிட்டேன். “பச்ச தெரியுதா கண்ணு?”

“எங்கீங்க அப்புச்சி? பிரவுன்தானுங்க.”

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். பீகார் பையன். குனிந்து பார்த்துவிட்டு, “பிரவுன் ஹை சாப்” என்றான். யூனிட்டுக்குக் கொடுத்தனுப்பி லேபில் மெஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். லேபில் இருக்கிற பெண் போன் செய்தாள்: “ஐயா, இது ஒரு பக்கத்துல ஒரு கலரு, தள்ளி வெச்சா வேற கலரா இருக்குதுங்க. மெஷினு எதைன்னு படிக்கும்?”

லேபில் லட்ச லட்சமாகப் போட்டு மெஷின் வைத்திருக்கிறேன். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் யாரும் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. போனால் ஏன் வெளியே நிற்கிறாய் என்று சூப்பர்வைசர் கேட்பான்; அப்படிக் கேட்கச் சொன்னவனும் நான்தான்.

கடைசியில் தெற்கே தெரிந்த ஒரு நூல் வியாபாரியைப் பிடித்து நாசரேத் பக்கம் விசாரித்தேன். ஒரு மரத்துண்டைக் கொடுத்து, இதில் பச்சை இருக்கிறதா என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். வேறு எதையும் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. மறுநாள் அந்த வியாபாரி கூப்பிட்டார். “சர்ச்சுல கிட்டார் வாசிப்பாரே, அந்தச் செல்வினா? அவரு தவறி நாலு வருசமாச்சே. உங்களுக்கு வேண்டியவரா?”

“கூட வேலை செஞ்சவருங்க” என்றேன்.

பேத்தி அதற்குள் புகையிலையைச் செய்யச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் கிட்டார் வந்துவிடுமாம். அவள் பார்த்தால் பிரவுன், அவள் சிநேகிதர்கள் பார்த்தாலும் பிரவுன். அதில் பச்சை இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா என்று சொல்ல ஆள் இருந்த காலத்தில் அந்த ஆளை நான் கேட்டில் உட்கார வைத்திருந்தேன். அந்தப் புகையிலைத் துண்டை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. தினம் மத்தியானம் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவைத்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. வெயில் சாய்ந்ததும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து விளக்கைப் போடுகிறேன்.

விளக்கில் அது நல்ல பழுப்பு.